கிட்னி கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு "74 சதவீதம்" என்கிறார்கள், அப்பச்சிக்கு இதை எப்படிச் சொல்வது?

காரைக்குடி மகன் கேட்டது:

வணக்கம். அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 64 வயது. தேவகோட்டையில் முப்பது வருஷம் வட்டிக்கடை பார்த்தவர், எதற்கும் கணக்கு கேட்பவர். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில் இடது கிட்னியில் கட்டி தெரிந்தது. வலி கிடையாது, சிறுநீரில் இரத்தம் கிடையாது, ஒன்றுமே இல்லாமல் இருந்தவர். போன மாதம் மதுரையில் லேப்ராஸ்கோப்பி செய்து அந்தக் கிட்னியை முழுதாக எடுத்துவிட்டார்கள், நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

முந்தாநாள் பயாப்சி ரிப்போர்ட் வந்தது. கிளியர் செல் (கிட்னிப் புற்றுநோயில் ஒரு வகை), 6.2 செ.மீ., டி1பி (கட்டியின் அளவையும் பரவலையும் சொல்லும் குறியீடு), கிரேடு 3, நெக்ரோசிஸ் (கட்டிக்குள் செத்துப்போன திசு) இருக்கிறது, வெட்டிய ஓரத்தில் கட்டி இல்லை. நெறிக்கட்டி எதுவும் எடுக்கவில்லை. டாக்டர் "நடுத்தர ரிஸ்க், ஆறு மாதத்தில் ஸ்கேன் பார்ப்போம்" என்று சொல்லி முடித்துவிட்டார். கோலாலம்பூரில் இருக்கும் அம்மான் மகன் இதையெல்லாம் இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் போட்டு "74%" என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது அப்பச்சி கண்ணில் பட்டுவிட்டது. நேற்று முழுக்க முகப்பில் உட்கார்ந்திருந்தார், பேசவே இல்லை. சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி: "அப்ப நான் போறதுக்கு நூத்துக்கு இருபத்தாறு, அப்படித்தானே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நம்பலாம்? இப்போதே வேறு மருந்து ஏதாவது ஆரம்பிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப் தம்பி, திருச்சி:

அண்ணே, முதலில் அப்பச்சி கேட்டதற்குப் பதில்: இல்லை. அந்த 74 உயிரைப் பற்றிய எண்ணே கிடையாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது லெய்போவிச் ஸ்கோர்தான். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் கிளியர் செல் கட்டிக்காகக் கிட்னியை முழுதாக எடுத்த 1671 பேரை வைத்து 2003-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் ஆன ஐந்து வருஷத்துக்குள் நோய் உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதைத்தான் அது சொல்கிறது. மீதி 26 பேருக்கு நுரையீரலிலோ எலும்பிலோ வேறெங்கோ வந்தது என்று அர்த்தம், இறந்துபோனார்கள் என்று அர்த்தம் இல்லை. அதிலும் அவர்கள் எல்லாரும் 1970-லிருந்து 2000-க்குள் ஆபரேஷன் ஆனவர்கள், பரவிய பிறகு கொடுக்க இன்றைக்கு இருக்கிற மருந்துகள் அப்போது கிடையாது.

கணக்கு இப்படி வருகிறது: டி1பி-க்கு 2, கிரேடு 3-க்கு 1, நெக்ரோசிஸுக்கு 1. கட்டி 10 செ.மீ.க்குக் குறைவு என்பதால் அதற்கு எதுவும் இல்லை, நெறிக்கட்டிக்கும் இல்லை. மொத்தம் 4. பூஜ்யத்திலிருந்து 2 வரை ஒரு கூட்டம், அதில் நூற்றுக்கு 97 பேர் பரவாமல் இருந்தார்கள். 3 முதல் 5 வரை அடுத்த கூட்டம், அதுதான் உங்கள் 74. ஆறும் அதற்கு மேலும் என்றால் 31.

இந்த மதிப்பெண்ணில் பாதி எங்கள் மேஜையில் தீர்மானமாகிறது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிளியர் செல் கட்டியை வெட்டினால் உள்ளே நல்ல மஞ்சளாக இருக்கும், அவ்வளவு கொழுப்பு. ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலிலும் சைலீனிலும் அந்தக் கொழுப்பு கரைந்து போய்விடும், அதனால்தான் மைக்ராஸ்கோப்பில் செல் காலியாக, கண்ணாடி போலத் தெரிகிறது. கிரேடு என்பது அந்தச் செல்லின் கருவுக்குள் இருக்கும் புள்ளியை வைத்துச் சொல்வது. 400 மடங்கில் வைத்தால்தான் தெரிகிறது என்றால் 2, 100 மடங்கிலேயே பளிச்சென்று தெரிந்தால் 3. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கேஸ்கள் நிறைய வரும், ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 3 என்பார், இருவரும் நல்ல பேத்தாலஜிஸ்ட்டாகவே இருப்பார்கள். உங்கள் அப்பச்சிக்குக் கிரேடு மட்டும் 2 ஆனாலும் மதிப்பெண் 3, அதே கூட்டம்தான். மனசு கேட்கவில்லை என்றால் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) ஸ்லைடையும் கேட்டு வாங்கி இன்னொரு இடத்தில் காட்டலாம், கொடுப்பார்கள்.

இன்னொன்று, இந்த மாதிரி ஸ்கோர்களைப் பிற்பாடு வேறு நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தபோது முதலில் சொன்ன அளவுக்குத் துல்லியம் வரவில்லை, வருஷம் போகப் போக இன்னும் குறைந்தது. அதனால் 74-க்கும் 70-க்கும் 78-க்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நினைக்காதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகி ஏழு வருஷம் ஆகிறது. அவருக்குச் சின்னக் கட்டி, மூன்றரை செ.மீ., கட்டியை மட்டும் வெட்டிக் கிட்னியை விட்டுவிட்டார்கள். எங்களுக்கு ஒருவரும் எண்ணே சொல்லவில்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார்கள், பயாப்சி ரிப்போர்ட்டுக்கு மூன்று தடவை பஸ் ஏறிப் போய்த்தான் வாங்கினேன். எண் தெரியாமல் பயந்த ஆள் நான், நீங்கள் தெரிந்து பயப்படுகிறீர்கள். தெரிவது எவ்வளவோ மேல், நம்புங்கள்.

அப்பச்சிக்கு அவர் தொழிலை வைத்தே சொல்லுங்கள். ஒரே மாதிரியான நூறு பேருக்குக் கடன் கொடுத்தால் இருபத்தைந்து கணக்கு இழுத்தடிக்கும் என்று அனுபவத்தில் அவருக்குத் தெரியும், ஆனால் எதிரில் கடுதாசியோடு உட்கார்ந்திருக்கிற ஆள் அந்த இருபத்தைந்தில் ஒருவனா என்பது கொடுக்கிற அன்றைக்குத் தெரியாது. அதற்காகக் கடையை மூடிவிட்டா வந்தார்? தவணை தவறாமல் போய்ப் பார்த்தார். ஸ்கேன் அந்தத் தவணைதான். திரும்ப வருவதில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று வருஷத்திலேயே வந்துவிடுகின்றன, ஒவ்வொரு சுத்தமான ஸ்கேனும் அந்த எண்ணை நல்ல பக்கமாக நகர்த்துகிறது என்று எங்கள் டாக்டர் சொன்னார். பத்து வருஷம் கழித்து வருகிறவர்களும் உண்டு, அதையும் அவரே சொன்னார், அதனால்தான் நாங்கள் இன்னும் போகிறோம்.

ஸ்கேனுக்கு முந்தின வாரம் மட்டும் வீட்டில் சண்டை வரும், தூக்கம் வராது. அதற்கு வைத்தியம் நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. அந்த வாரம் அவரைத் தனியாக விடாதீர்கள்.

டயாலிசிஸ் நர்ஸ்:

சார், கூடுதல் மருந்து பற்றிக் கேட்டீர்கள். பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியை (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராக வேலை செய்ய வைப்பது), ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கலாம் என்று 2021-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், கிட்டத்தட்ட ஒரு வருஷம் போட வேண்டும். ஆனால் அந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டது டி2-வில் கிரேடு 4, டி3, டி4, நெறிக்கட்டிக்குப் பரவியது என்று அதைவிடக் கடுமையான கேஸ்களை. டி1பி கிரேடு 3 அதில் வராது. டாக்டர் மருந்து எழுதாமல் ஸ்கேன் மட்டும் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கும், அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த தடவை போகும்போது நேராகவே கேட்டுவிடுங்கள்.

எனக்கு வேறு கவலை. எல்லாரும் கட்டியையே பேசுகிறீர்கள், மிச்சமிருக்கிற கிட்னியை யாரும் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் பார்ப்பது) எவ்வளவு, இப்போது எவ்வளவு? 1.0 இருந்தது 1.4 ஆகியிருந்தால் இந்த வயதில் ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டும் திறன், 84-லிருந்து 56-க்கு வந்துவிட்டது என்று கணக்கு. ஒரு கிட்னியை எடுத்த பிறகு அது எதிர்பார்க்கிற இறக்கம்தான், பயப்பட வேண்டாம், ஆனால் அதற்குக் கீழே போகவிடக் கூடாது. பிரஷர், சர்க்கரை இரண்டும் கட்டுக்குள் இருக்க வேண்டும். மூட்டு வலிக்கு என்று கடையில் டைக்ளோஃபெனாக், புரூஃபென் வாங்கிப் போடவே கூடாது. யாரோ நல்லது என்று சொன்னார்கள் என்று பஸ்பம், லேகியம் பக்கம் போக வேண்டாம், எங்கள் யூனிட்டில் படுத்திருப்பவர்களில் அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊறுகாய், வத்தல், கருவாடு குறையட்டும். சி.டி. எடுக்கப் போகும்போது ஒரே கிட்னி என்பதை முதலில் சொல்லுங்கள், கிரியாட்டினின் பார்த்துவிட்டுத்தான் சாய ஊசி போட வேண்டும்.

காரைக்குடி மகன்:

மூவருக்கும் நன்றி, ஆச்சி சொன்னதை அப்படியே படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "நடுவுல இருக்கிறவன்தான், அவ்வளவு மோசமான பார்ட்டி இல்ல" என்றார்.

நர்ஸ் கேட்டதற்கு: முன்னால் 1.1, இப்போது 1.5. மூட்டு வலிக்கு இத்தனை நாள் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், இன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும், அட்டையைக் கையோடு வாங்கி வைத்துவிட்டேன். பீரோவிலிருந்து ஒரு பழைய பேரேட்டை எடுத்து, எழுதாத பக்கம் ஒன்றில் இந்த இரண்டு எண்ணையும் தேதி போட்டு எழுதியிருக்கிறார். பக்கத்தில் பிரஷருக்கு ஒரு பத்தி, ஸ்கேனுக்கு ஒரு பத்தி கோடு இழுத்திருக்கிறார். வலிக்கு வேறு என்ன போடலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் திங்கட்கிழமை கேட்கிறேன்.