ராடைக் கழட்டணுமா, வேண்டாமா?

கடலோரக்காரன்: ஊர் வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் எழுதியிருக்கார்: "மண்டபம் பக்கம் காட்சிக்கு நிக்கிற நீராவி இன்ஜினை நகர்த்த என்ன பெரிய வித்தை? சக்கரத்துல கிரீஸை அப்பி ஜேசிபியால 20 அடி இழுத்தா லாரில ஏறிடும்." படிச்சதுல இருந்து பத்திக்கிட்டு வருது.

லோகோஷெட் பெரிசு: எழுதினவன் இன்ஜினை போட்டோவுலதான் பாத்திருப்பான். முதல்ல பிஸ்டனையும் சக்கரத்தையும் சேக்குற கனெக்டிங் ராடைக் கழட்டணும்.

உச்சிப்புளி மாப்ள: எழுதினவன் நான்தான். 20 அடிக்கு ராடை எதுக்குண்ணே கழட்டணும்?

லோகோஷெட் பெரிசு: சக்கரம் சுத்தினா ராடு பிஸ்டனை இழுக்கும். உள்ள பிஸ்டன் ரிங்கு சிலிண்டரோட துருப்பிடிச்சு ஒட்டிக் கிடக்கும். ஒண்ணு ராடு வளையும், இல்ல சக்கரம் சுத்தாம வழுக்கிப் போயி ஒரே இடத்துல தேஞ்சு சப்பையாகும். ராடைக் கழட்டி, பிஸ்டன் தண்டோட முனையில இருக்குற கிராஸ்ஹெட்டை நகராம கட்டை வச்சு இறுக்கிட்டு அப்புறம் இழு. சக்கரங்களைச் சேக்குற பக்க ராடு இருந்துட்டுப் போகுது, அதுக்கு எண்ணெய் விட்டா போதும்.

உச்சிப்புளி மாப்ள: 20 அடிண்ணே. மதுரைக்கா ஓட்டிட்டுப் போறோம்?

பாம்பன் பையன்: ஏன், தண்டவாளத்துலயே மதுரைக்கு இழுத்துட்டுப் போனா லாரி வாடகை மிச்சமாச்சே?

கடலோரக்காரன்: தம்பி, அது மீட்டர்கேஜ், தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர். நம்ம லைன் 2007-லயே 1676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கு மாறிடுச்சு. தூங்கிட்டிருந்தியா?

பாம்பன் பையன்: அப்ப எனக்கு மூணு வயசு. 1964 தனுஷ்கோடி புயல்ல கடல் கொண்டுபோன போட் மெயில் ரயில்ல ஏற வேண்டியவர் எங்க தாத்தா, லேட்டாப் போயி தப்பிச்சார். எங்க வீட்டுக்கே ரயில் கதையா?

லோகோஷெட் பெரிசு: அது போட் மெயில் இல்ல. பாம்பன்ல இருந்து தனுஷ்கோடி போன 653 பாசஞ்சர். தாத்தாகிட்ட இன்னொரு தடவை கேளு.

உச்சிப்புளி மாப்ள: சரி, கிரேன் வச்சுத் தூக்குறோம். சக்கரமே சுத்தாது. அப்பவும் ராடைக் கழட்டணுமா?

லோகோஷெட் பெரிசு: கிரேன் காலை மணல்லயா ஊன்றுவ? அடியில இரும்புத் தகடும் ஸ்லீப்பர் கட்டையும் அடுக்கணும். கரியும் தண்ணியும் சுமக்குற டெண்டரைத் தனியாப் பிரிக்கணும். பிரேமைத் தூக்கினா சக்கரம் கூடவே வரும்னு யார் சொன்னா? தாங்குற அடிப்போல்ட்டை உப்புக்காத்து அரிச்சிருக்கும், சக்கரத்தைப் பிரேமோட சேத்துக் கட்டணும். பாயிலர் உறைக்குள்ள ஆஸ்பெஸ்டாஸ் கல்நார் இருக்கலாம், எவனையும் சொரண்ட விடாத. போன வாரம் சக்கர அச்சு சுத்துற ஆக்சில் பாக்ஸ் மூடியைத் திறந்தேன். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்துல மழைத்தண்ணி. எண்ணெய் ஊற வேண்டிய பஞ்சு கருவாடாக் காஞ்சு கிடக்கு. இதுல கிரீஸை வெளிய அப்புறாராம்! எல்லாத்துக்கும் முன்னாடி ராடு.

உச்சிப்புளி மாப்ள: கேட்டதுக்குப் பதில் வரல. கிரேன்னா ராடைக் கழட்டணுமா, வேண்டாமா?

லோகோஷெட் பெரிசு: இறக்குற இடத்துல தண்டவாளத்துல தள்ள வேண்டாமா? அங்க உங்க சித்தப்பாவா வந்து கழட்டுவாரு?

உச்சிப்புளி மாப்ள: கோயில் கமிட்டில தோத்த கோவத்தை இங்க காட்டாதீங்கண்ணே.

லோகோஷெட் பெரிசு: கமிட்டிக் கணக்கை நான் இன்னும் கேக்கல. கேட்டா தாங்க மாட்ட.

கடலோரக்காரன்: பிரேக் கட்டை சக்கரத்தோட ஒட்டிக் கிடக்கே, அதை யாராவது...

லோகோஷெட் பெரிசு: அது அப்புறம். ராடு.

உச்சிப்புளி மாப்ள: 20 அடி.

பாம்பன் பையன்: தாத்தாகிட்ட கேட்டுட்டேன். போட் மெயில்தானாம்.