ஒரே அக்கவுன்டை ஐந்து நாள் அன்லாக் செய்தேன், இதில் நான் என்ன கற்றேன்?

பிறை_தம்பி:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ஐடி சப்போர்ட் பெராந்திஸாக, அதாவது தொழில் பழகுநராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, வேலையிடத்திலேயே பயிற்சி தரும் எஸ்எல்டிஎன் திட்டத்தில், எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழின் மூன்றாம் நிலைக்காக. வீடு எதிர்க்கரையில், பிறையில். காலை ஆறு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துப் பாலத்தைத் தாண்டினால்தான் ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது மேசையில் இருக்க முடியும். வேலைக்குப் போவதில் எனக்குச் சலிப்பு இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்தது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பேக்கிங் பகுதியில் ஒரு சூப்பர்வைசர், மலாய்க்கார அக்கா, நான் காக் என்றுதான் கூப்பிடுவேன். திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு ஃபோன் செய்தார், அக்கவுன்ட் லாக் ஆகிவிட்டது என்று. அன்லாக் செய்தேன், உள்ளே போக முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது என்றார், அந்தப் புகாருக்கான டிக்கெட்டை மூடினேன். இரண்டு நிமிட வேலை. செவ்வாய்க்கிழமை மறுபடி, அதே நேரம். புதன், வியாழன், வெள்ளி என்று தினமும் அதேதான். வியாழக்கிழமை பாஸ்வேர்டையும் மாற்றிக் கொடுத்தேன், அப்படியும் வெள்ளிக்கிழமை லாக் ஆனது. அன்று அவசரமாக அனுப்ப வேண்டிய சரக்கு இருந்ததாம், லேபிள் அச்சடிக்க அவர் உள்ளே நுழைந்தால்தான் முடியும், மேலாளர் பக்கத்திலேயே நிற்கிறார், ஃபோனில் அந்தக் குரலைக் கேட்கும்போதே எனக்குக் கை நடுங்கியது.

மதியம் என் சீனியர் அந்த ஐந்து டிக்கெட்டையும் திறந்து, திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பி வைத்து வாசித்தார். ஐந்திலும் நான் எழுதியிருந்தது ஒரே வரி: “அக்கவுன்ட் அன்லாக் செய்யப்பட்டது, பயனர் உறுதி செய்தார்.” “ஏன் லாக் ஆகிறது என்று ஒரு நாளாவது கேட்டாயா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. சீக்கிரம் மூடுவதுதான் நல்ல வேலை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கேள்வி இரண்டு. ஒன்று, இப்படித் திரும்பத் திரும்ப லாக் ஆனால் காரணத்தை எப்படித் தேடுவது? இரண்டாவது, பாஸ்வேர்ட் ரீசெட், பிரின்டரில் பேப்பர் சிக்குவது, மானிட்டர் தூக்குவது, இதைத் தவிர வேறு எதையும் ஐந்து மாதத்தில் நான் தொட்டதில்லை. கூடப் படித்த நண்பர்கள் புரோகிராம் எழுதுகிறார்கள். இதிலேயே இருந்தால் எனக்கு ஏதாவது வருமா?

செந்தூல்_அக்கா:

தம்பி, நான் கோலாலம்பூரில் சர்வீஸ் டெஸ்கில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். முதலில் காரணத்தைப் பார்ப்போம், உன் மனக்குறைக்கு அப்புறம் வருகிறேன்.

அக்கவுன்ட் தானாக லாக் ஆகாது. யாரோ அல்லது ஏதோ தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது, நிறுவனம் வைத்திருக்கும் எண்ணிக்கையைத் தாண்டியதும் லாக் விழுகிறது. அந்த அக்கா சரியாகத்தான் அடிக்கிறார் என்றால், அவர் பெயரில் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கும் ஒரு பொருள் எங்கேயோ கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் அதிகம் பார்த்தது கைப்பேசி, அதில் ஆபீஸ் மின்னஞ்சல் அல்லது வைஃபை. அடுத்தது சைன் அவுட் செய்யாமல் விட்டுப்போன இன்னொரு கம்ப்யூட்டர். அதற்கும் அடுத்து விண்டோசில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட், யாரோ எப்போதோ அவர் பெயரில் ஓடவிட்ட ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் வேலை. நீ வியாழக்கிழமை பாஸ்வேர்டை மாற்றினாயே, அதனால் எதுவும் தீராது, தட்டுகிற பொருளுக்குப் புதுசு தெரியாது அல்லவா.

லாக் விழும்போது, எல்லா அக்கவுன்ட்டையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரில் 4740 என்ற எண்ணோடு ஒரு பதிவு எழுதப்படும். எந்த அக்கவுன்ட், எத்தனை மணிக்கு, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று அதில் இருக்கும். பெராந்திஸுக்கு அதைத் திறந்து பார்க்க அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள், பரவாயில்லை. சர்வர் குழுவிடம் போய் “அக்கவுன்ட் லாக் ஆகிறது, பாருங்கள்” என்று மட்டும் சொல்லாதே, உன்னை வரிசையில் கடைசியில் நிறுத்துவார்கள். “இந்தப் பெயர், இந்த ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கும் ஏழேகாலுக்கும் நடுவில், 4740 பதிவில் எந்தக் கம்ப்யூட்டர் பெயர் வருகிறது?” என்று கேள். அப்படிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வரும்.

ஒன்று கவனி. அங்கே வரும் பெயர் யாருடைய மடிக்கணினியும் இல்லாமல் ஒரு சர்வரின் பெயராக இருந்தால் குழம்பிவிடாதே. வைஃபைக்கு ஆளைச் சரிபார்க்கும் சர்வராக இருக்கலாம். அது மைக்ரோசாப்டின் என்பிஎஸ் என்றால் உள்ளே விடாமல் மறுத்தது எல்லாம் 6273 என்ற எண்ணில் பதிவாகியிருக்கும், தட்டிய பொருளின் மேக் முகவரியும், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் நெட்வொர்க் அடையாள எண்ணும், பெரும்பாலும் அதில் இருக்கும். மேக் முகவரி கிடைத்துவிட்டால் உங்கள் நிறுவனக் கருவிகளின் சொத்துப் பட்டியலில் தேடு.

மனக்குறைக்கு வருகிறேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் விழுந்த நாள், உனக்கும் நினைவிருக்கும். சரிசெய்வது சிரமமில்லை, சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட கம்ப்யூட்டரில் அங்கே போவதற்கே 48 இலக்க மீட்பு எண் வேண்டும், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அன்று இரவு பத்து மணி வரை நாங்கள் செய்தது, ஒவ்வொரு ஆளுக்கும் ஃபோனில் அந்த எண்ணை வாசித்ததுதான். யாருடைய மடிக்கணினிக்கு எந்த எண் என்று குழப்பம் வந்தபோதெல்லாம் எல்லோரும் போய் நின்றது ஒரு பெராந்திஸ் பெண்ணிடம். அதற்கு முன் மூன்று மாதம் அந்தப் பிள்ளை செய்த ஒரே வேலை, மாடி மாடியாக ஏறி இறங்கி சீரியல் எண்ணையும் ஆள் பெயரையும் சரிபார்த்து எழுதியதுதான். அந்தப் பட்டியல் மட்டும் இல்லையென்றால் எங்களுக்கு வேலை முடியவே விடிந்திருக்கும்.

மூன்றாம்_ஷிப்ட்:

நான் குலிமில், தொழிற்சாலை ஐடியில்தான் இருக்கிறேன். அக்கா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அது ஆபீஸ் பக்கத்துப் பார்வை. தொழிற்சாலையில் நான் முதலில் சந்தேகப்படுவது பொதுவில் பத்துப் பேர் தொடும் கருவியை. ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் லாக் ஆகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய் தம்பி, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஏழு மணிக்கு அந்தத் தளத்தில் என்ன பொருளைக் கையில் எடுக்கிறார்கள், எதை ஆன் செய்கிறார்கள்? மேசையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆறே முக்காலுக்கே கீழே இறங்கிப் போ, பாதுகாப்புக் காலணி போட்டுக்கொண்டு லைன் பக்கத்தில் நின்று சும்மா பார். யாரையும் கேள்வி கேட்டுத் துளைக்காதே, ஷிப்ட் மாறும்போது அவர்களுக்கு நிற்க நேரம் இருக்காது.

டிக்கெட்டில் எழுதுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கு நீ விடுமுறை, வேறு ஒருவன் அந்த டிக்கெட்டைத் திறக்கிறான் என்று நினைத்துக்கொண்டு எழுது. “லாக் ஆன நேரம் 7.12, நேற்றும் 7.10, வேறு எந்தக் கருவியிலும் நுழையவில்லை என்கிறார், கைப்பேசியில் ஆபீஸ் மின்னஞ்சல் இல்லை” என்று எழுதியிருந்தால் மூன்றாம் நாளே உனக்கே விளங்கியிருக்கும்.

கெப்பாளா_பத்தாஸ்:

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்து நாளும் அந்த டிக்கெட்டுகள் சீனியர் கண்ணுக்கு எதிரிலேயேதானே இருந்தன? செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டு “இதைப் பார்” என்று காட்டியிருந்தால் வெள்ளிக்கிழமை அந்த அக்காவும் மேலாளர் முன்னால் நின்றிருக்க மாட்டார், தம்பியும் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்திருக்க மாட்டான். எஸ்எல்டிஎன் பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில்தான் நடக்கவேண்டும் என்று வைத்திருப்பதே, அங்கே ஒருவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுப்பார் என்ற நம்பிக்கையில்தான். ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் மூடினாய் என்று மட்டும் எண்ணினால், பையன் மூடத்தான் கற்றுக்கொள்வான். இது அவன் பிழை மட்டும் இல்லை.

தம்பி, உன் பயிற்சிப் பதிவேட்டை எடுத்துப் பார். நெட்வொர்க், சர்வர் தொடர்பான பகுதிகள் காலியாக இருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டே உன் பயிற்றுநரிடம் போ. “இது இன்னும் நிரம்பவில்லை, வாரத்தில் அரை நாள் சர்வர் குழுவோடு உட்கார முடியுமா?” என்று மரியாதையாகக் கேள். கேட்டால் கொடுப்பார்கள், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். சான்றிதழ் கைக்கு வரும்முன் விட்டுவிடாதே, நான் இரண்டாம் நிலையோடு விட்டுவிட்டு மறுபடி சேர நாலு வருஷம் ஆனது.

செந்தூல்_அக்கா:

கெப்பாளா பத்தாஸ் தம்பி சொன்னதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். எல்லோர் முன்னாலும் வாசித்தது தப்பு. கேட்ட கேள்வி மட்டும் சரியான கேள்வி.

பிறை_தம்பி:

எல்லோருக்கும் நன்றி. கண்டுபிடித்துவிட்டோம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

திங்கட்கிழமை காலை சர்வர் குழு அண்ணனிடம் அக்கா சொன்ன மாதிரியே பெயர், நாள், நேரம் எழுதிக் கொடுத்தேன். காகிதத்தைப் பார்த்ததும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டார். 4740 பதிவு ஐந்தும் இருந்தன, ஐந்திலும் ஒரே பெயர், வைஃபை சர்வர். அங்கே போய் 6273 பார்த்தால் ஒரே மேக் முகவரி, காலை 7.04லிருந்து வரிசையாக. பட்டியலில் தேடினோம், அது பேக்கிங் பகுதியின் கையடக்க ஸ்கேனர், எண் 11. ஆனால் பட்டியலில் “பழுது, அலமாரியில்” என்று போட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆறே முக்காலுக்குக் கீழே போய் நின்றேன். ஏழு மணிக்கு ஒரு நேப்பாளத் தொழிலாளர் சார்ஜர் தாங்கியிலிருந்து ஸ்கேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்களுக்குக் கொடுத்தார். 11ஆம் எண்ணைப் பார்த்தேன், பின்பக்க மூடி மட்டும் புதுசு, மற்ற இடமெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. பாட்டரி உப்பிப்போய் ஒரு வருஷத்துக்கும் மேல் அலமாரியில் கிடந்ததாம். லாக் ஆகத் தொடங்கியதற்கு முந்தின வாரம்தான் புது பாட்டரி வந்து, முதல் லாக் விழுந்த அந்தத் திங்கட்கிழமை மறுபடி வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். வைஃபை அமைப்பைத் திறந்தால் உள்ளே காக்குடைய பெயர். அந்தக் காலத்தில் இருந்த ஒரு டெக்னீசியன், பொது அக்கவுன்ட் வேலை செய்யாததால் அவசரத்துக்கு அவர் பெயரைப் போட்டு ஓடவிட்டிருக்கிறார். காக்குக்கே மறந்துபோய்விட்டது. நான் காட்டியதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, “ஆமாம் அடேக் (தம்பி), நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம், நான்தான் பாஸ்வேர்ட் அடித்துக் கொடுத்தேன்” என்றார்.

அவர் பெயரை எடுத்துவிட்டுப் பொது அக்கவுன்டைப் போட்டோம். புதன், வியாழன் இரண்டு நாளும் ஏழேகால் வரை ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன், காக்கிடமிருந்து அழைப்பு வரவில்லை. இந்த முறை டிக்கெட்டில் ஒரு பக்கம் எழுதினேன். சீனியர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மதியம் சாப்பிட மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் உணவுக் கடை) என்னையும் கூட அழைத்துப் போனார், அங்கே முதல் முறையாக அவர் எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்று சொன்னார். பதிவேட்டைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிட்டேன். புதன்கிழமை மதியங்களில் சர்வர் குழுவோடு இருக்கலாம் என்றார்.

மூன்றாம்_ஷிப்ட்:

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. மற்ற ஸ்கேனர்களில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாயா?

பிறை_தம்பி:

பார்த்தேன் அண்ணே. மொத்தம் பதினாறு. மூன்றில் ஆட்கள் பெயர் இருக்கிறது, அதில் ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார். மூன்றுக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். நாளை காலை ஷிப்ட் மாறுவதற்கு முன்னால் போய் மாற்றப் போகிறேன், பட்டியலில் 11ஆம் எண்ணுக்கு எதிரே இருக்கும் “பழுது” என்பதையும் திருத்த வேண்டும்.