வெள்ளை இனவெறியை நேரில் எதிர்கொண்டவர்கள் எழுதுங்கள்

வால்தம்ஸ்டோ, லண்டன்:

2024 ஜூலை கடைசியில் சவுத்போர்ட்டில் நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய்ப் பெயரோடு அன்றைக்கே பரப்பினார்கள். அவன் கார்டிஃபில் பிறந்தவன் என்று பொலிஸ் சொல்லியும் பலன் இல்லை, மறுநாள் அங்குள்ள பள்ளிவாசலுக்குக் கல்லெறி, அடுத்த ஞாயிறு ராதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள்.

அப்புறம் டெலிகிராமில் குடிவரவு லோயர்களின் அலுவலகப் பட்டியல் ஒன்று வந்தது, ஆகஸ்ட் 7 இரவு இங்கெல்லாம் கூடுங்கள் என்று. அதில் எங்கள் ஊரும் இருந்தது. பட்டியல் என்றதுமே அம்மா பாஸ்போர்ட்களை எடுத்துப் பையில் வைத்துவிட்டார். 83 கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் வாக்காளர் பட்டியலோடு வந்துதான் தமிழர் வீடுகளைத் தேடினார்கள், அதைக் கண்ணால் பார்த்தவர் அவர், நான் என்ன சொல்லித் தேற்ற?

மதியமே கடையைப் பூட்டினோம். மாலையில் ஹோ ஸ்ட்ரீட் முழுக்க ஆயிரக்கணக்கில் சனம், பள்ளிவாசல் பொடியன்கள், தொழிற்சங்கத்தார், எங்கள் கடைக்கு வரும் வெள்ளைக்காரப் பாட்டிமார் வரை எல்லோரும் எங்களுக்காக நின்றார்கள். கலவரக்காரர்கள் தலைகாட்டவே இல்லை.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. எங்களுக்குச் சரக்கு இறக்கும் பையன் அந்தப் பொய்ப் பெயரை என்னிடமே காட்டினான். அவன் எந்த அமைப்பிலும் இல்லை. இப்போது உறுப்பினர் அட்டையே தேவையில்லை, ஃபார்வர்ட் செய்தால் போதும், இனவெறியர்களின் வேலை நடந்துவிடுகிறது. பொலிஸ் அறிக்கையைக் காட்டினேன், பதில் சொல்லாமல் போய்விட்டான்.

மில்வாக்கி, விஸ்கான்சின்:

எங்கள் பக்கத்து ஓக் கிரீக்கில் சீக்கியர்களின் குருத்வாராவில் 2012 ஆகஸ்ட் 5 அன்று ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டதில் அன்றே ஆறு பேர் இறந்தார்கள், படுகாயமடைந்த இன்னொருவர் 2020இல் இறந்தார். அதில் அப்பாவை இழந்த பர்தீப் கலேகாவும், அதே மாதிரியான கும்பலில் முன்பு தலைவனாக இருந்து விலகிய ஆர்னோ மைக்கேலிஸும் சேர்ந்து பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசி வந்தார்கள். ஒருமுறை நேரில் கேட்டேன். ஆர்னோவின் விரலில் நாஜிகளின் ஸ்வஸ்திகா பச்சையைப் பார்த்த மெக்டொனால்ட்ஸ் கேஷியர், வயதான கறுப்பினப் பெண்மணி, நீ இப்படிப்பட்டவன் இல்லை என்று சொன்னாராம். உடனே மாறவில்லை, வருடங்கள் ஆயின, ஆனால் அந்தப் பேச்சு உள்ளேயே கிடந்திருக்கிறது. குண்டடிபட்டவர்கள்தான் திருத்தவும் வேண்டுமா என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு. இருந்தாலும், வால்தம்ஸ்டோவிலிருந்து எழுதியவரே, உங்கள் சரக்குப் பையன் மறுபடி வந்தால் பேச்சை விட்டுவிடாதீர்கள்.