விளம்பர வாசகத்தைச் சட்டம் திருத்தலாமா?

விளம்பரதாசன்:
பல ஆண்டுகளாக விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இந்த இழையைத் தொடங்குகிறேன். நுகர்வோர் சட்டமும் போட்டிச் சட்டமும் ஏமாற்றுக்காரரைப் பிடிப்பதற்காக இயற்றப்பட்டவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடைமுறையில் அவை நேர்மையான நிறுவனத்தின் நாக்கைத்தான் கட்டிப்போடுகின்றன. முன்பு ஒரு வாசகம் படிப்பவர் மனத்தில் நிற்குமா என்று யோசித்தோம். இன்று அது சட்டப் பிரிவின் மேசையைத் தாண்டுமா என்றே யோசிக்கிறோம். பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் கூட்டமே உண்டு. புதிதாகச் சந்தைக்கு வருபவருக்கோ உரக்கப் பேசுவது ஒன்றுதான் மூலதனம். 1972இல் லீ பென்ஹாம் என்ற பொருளியலாளர் அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், மூக்குக்கண்ணாடி விளம்பரத்துக்குத் தடை இருந்த இடங்களில் அதன் விலை கூடுதலாக இருந்தது. விற்பவரின் வாயை அடைத்தால் வாங்குபவரின் பைதான் காலியாகிறது.

துலாக்கோல்:
நண்பர் அழைத்து வந்த சாட்சி எங்கள் பக்கம் நின்று பேசுகிறார். அந்த மாநிலங்களில் விளம்பரத்தைத் தடுத்தது நுகர்வோர் சட்டமோ போட்டிச் சட்டமோ அன்று. தொழில்முறைக் கட்டுப்பாடு என்ற பெயரில் நிலவிய விதிகளே. அவற்றை அகற்ற 1978இல் விதி வகுத்தது யார் தெரியுமா? பொய் விளம்பரத்தின் மீது வழக்குத் தொடுக்கும் அதே அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம்தான். விளம்பரமே கூடாது என்பது வேறு, விளம்பரத்தில் பொய் கூடாது என்பது வேறு.

மிகைப்படுத்திப் பேசும் உரிமையும் எங்கும் பறிபோகவில்லை. ‘இதைப் போல் உலகில் வேறில்லை’ என்று எழுதினால் யாரும் உங்களைக் கூண்டில் ஏற்றப்போவதில்லை. அளந்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லும்போதுதான் சட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கார்லில் வழக்கை நினைத்துப் பாருங்கள். மூக்கால் இழுக்கும் மருந்துப்பொடி அடங்கிய தங்கள் புகையுருண்டையைச் சொன்னபடி பயன்படுத்திய பின்னும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. ஒரு பெண்மணிக்குக் காய்ச்சல் வந்தது. அவர் பணத்தைக் கேட்டார். அது வெறும் வியாபாரப் பேச்சு என்றது நிறுவனம். ஆனால் தங்கள் எண்ணம் உண்மையானது என்று காட்ட 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாக அதே விளம்பரத்தில் அவர்களே அச்சிட்டிருந்தார்கள். 1892இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரியைச் சுட்டிக்காட்டியே பணத்தைக் கொடுக்க வைத்தது. வாசகம் எழுதுபவருக்கு இதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விளம்பரதாசன்:
புகையுருண்டை விற்றவருக்காக வாதாட நான் வரவில்லை. என் மனக்குறை நாணயமாக நடப்பவர் சிக்கிக்கொள்ளும் நுணுக்கங்களைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, விலைக் குறைப்பை அறிவிப்பவர் அதற்கு முந்தைய 30 நாள்களுக்குக் குறையாத காலத்தில் தாம் விற்ற மிகக் குறைந்த விலையையே ‘முந்தைய விலை’ என்று காட்ட வேண்டும். 2024இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு படி மேலே போய், தள்ளுபடிச் சதவீதத்தையும் அந்த மிகக் குறைந்த விலையிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சரக்கு தேங்கியதால் இரண்டே நாள் விலையை இறக்கிய ஒருவர், மூன்று வாரம் கழித்து அதே விலைக்கு மீண்டும் இறக்கினால் அதைத் தள்ளுபடி என்று சொல்லவே முடியாது. வாங்குபவருக்கு அன்று கிடைப்பது உண்மையான குறைப்பு அல்லவா? இதில் யார் ஏமாந்தார்?

அடிக்குறிப்பு:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இடத்தில் பேசாமல் இருக்க முடியவில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஓர் இணைய விற்பனை நிறுவனத்தில் சில காலம் விலைப்பட்டியல் பிரிவில் வேலை பார்த்தேன். பெரிய தள்ளுபடி நாளுக்கு முன் எங்களுக்கு ஓர் எக்செல் தாள் வரும். அதில் ‘விற்பனை விலை’ முன்பே நிரப்பப்பட்டிருக்கும். ‘தள்ளுபடி’ என்ற கட்டத்தில் 60 சதவீதம் என்றிருக்கும். ‘முந்தைய விலை’ மட்டும் காலியாக இருக்கும். அந்த இரண்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நாங்கள் நிரப்பியதுதான் முந்தைய விலை. அந்த விலைக்கு ஒருவர்கூட ஒரு நாளும் அந்தப் பொருளை வாங்கியதில்லை. விளம்பரதாசன் ஐயா சொல்லும் இரண்டு நாள் வியாபாரிக்கு அந்த விதி சற்றுக் கடுமையானதுதான். ஆனால் அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பியவன் என்ற முறையில், அந்த விதி ஏன் பிறந்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

துலாக்கோல்:
காலிக் கட்டம் என்றதும் ஆஸ்திரேலியாவில் நியூரோஃபென் என்ற வலிநிவாரணி மீது நடந்த வழக்கு நினைவுக்கு வருகிறது. முதுகுவலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று, ஒற்றைத் தலைவலிக்கு ஒன்று, இறுக்கத் தலைவலிக்கு ஒன்று எனத் தனித்தனிப் பெட்டிகளில் மாத்திரை விற்றார்கள். எல்லாவற்றிலும் இருந்தது ஒரே மருந்து, இபுபுரூஃபன் லைசின் 342 மில்லிகிராம். வழக்கமான மாத்திரையைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை. மருந்தில் கலப்படம் இல்லை, அளவில் குறைவில்லை. பெட்டியின் முகப்பு மட்டுமே பொய் சொன்னது. முதலில் விதித்த 17 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதத்தை 2016இல் மேல்முறையீட்டில் 60 லட்சமாக உயர்த்தினார்கள்.

விளம்பரதாசன்:
அந்தப் பெட்டிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நீங்கள் இருவரும் நுகர்வோர் சட்டத்தோடு நின்றுவிட்டீர்கள். என்னைக் குழப்புவது போட்டிச் சட்டம். ஆதிக்கம் உள்ள நிறுவனம் விலையை அடக்கவிலைக்குக் கீழே இறக்கினால் போட்டியாளரை ஒழிக்கப் பார்க்கிறது என்கிறார்கள். முகவர்கள் விலையை இறக்கக் கூடாது என்று ஒரு நிறுவனம் சொன்னாலோ அதுவும் குற்றம் என்கிறார்கள். தன் பெயர் மலிந்துபோகாமல் காப்பதும் சந்தைப்படுத்தலின் ஒரு பகுதியே. எல்லா முகவரும் வெட்டுவிலையில் இறங்கினால், பொருளை எடுத்துக்காட்டி, விளக்கிச் சொல்லி, பின்சேவை தருபவர் முதலில் காணாமல் போவார். 1911 முதல் முகவர் விலைக் கட்டுப்பாட்டை அடியோடு சட்டவிரோதமாகக் கருதிய அமெரிக்க உச்ச நீதிமன்றமே, 2007இல் லீஜின் என்ற தோல்பொருள் நிறுவனத்தின் வழக்கில் அந்த நிலையைக் கைவிட்டு, ஒவ்வொன்றையும் அதன் விளைவைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்றது.

துலாக்கோல்:
இந்த வாதத்தில் வலு இருக்கிறது, மறுக்க மாட்டேன். விளைவைப் பார்க்க வேண்டும் என்பதே சரியான அளவுகோல். ஆனால் விளைவைப் பார்த்தால் என்ன தெரிகிறது? இந்தியப் போட்டி ஆணையம் 2021இல் மாருதி சுசுகி மீது 200 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவைப் படித்துப் பாருங்கள் (அது பிறகு மேல்முறையீட்டுக்குச் சென்றது). நிறுவனம் வகுத்த அளவுக்கு மேல் முகவர்கள் தள்ளுபடி தரக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததாகவும், வாங்குபவர் போல வேடமிட்ட ஆள்களை அனுப்பிப் பேரத்தைப் பதிவு செய்ததாகவும், மீறிய முகவர் மட்டுமின்றி அங்கு வேலை பார்த்த விற்பனையாளரும் தண்டம் கட்ட நேர்ந்ததாகவும் ஆணையம் கண்டது. வாடிக்கையாளரிடம் சற்று இளகிப் பேசிய விற்பனையாளரின் சம்பளத்தில் கை வைப்பதைப் பின்சேவையைக் காக்கும் முயற்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சிறிய தோல்பொருள் நிறுவனம் இதையே செய்திருந்தால் சந்தை அசைந்திருக்காது. நாட்டின் முன்னணிக் கார் நிறுவனம் செய்தால் அசையும். நீங்கள் குழப்பம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த அளவு வேறுபாடுதான்.

இன்னொன்று. புதியவரின் குரலைச் சட்டம் பறிக்கிறது என்றீர்கள். போட்டியாளரின் பெயரைச் சொல்லி ஒப்பிட்டு விளம்பரம் செய்யும் உரிமையை ஐரோப்பா முழுவதற்கும் 1997இல் தந்தது ஒரு சட்டம்தான். யாரும் அறியாத நிறுவனத்துக்கு, எல்லோரும் அறிந்த பெயரின் அருகே நின்று அளந்து காட்டுவதைவிடக் கூர்மையான ஆயுதம் வேறென்ன?

விளம்பரதாசன்:
ஆயுதம் கொடுத்தார்கள், குண்டு வாங்கும் செலவை மறந்துவிட்டார்கள். ஒப்பிட்டுச் சொல்வது சரிபார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆய்வகச் சோதனைக்கு ஆகும் தொகை, நான் எழுதிக் கொடுக்கும் பல சிறு நிறுவனங்களின் ஓராண்டு விளம்பரச் செலவைவிடக் கூடுதல். அவர்கள் பொருள் உண்மையிலேயே மேலானது. அதைச் சொல்லத்தான் வழியில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

துலாக்கோல்:
நேர்மையாகச் சொன்னால், இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. சோதித்துப் பார்க்காமலே மேலானது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் செலவைப் பற்றிய உங்கள் குறை அதனால் தீர்ந்துவிடாது என்பதும் தெரிகிறது.

அடிக்குறிப்பு:
ஒப்பிடாமல், தம் பொருளின் எடையையும் அளவையும் உத்தரவாதக் காலத்தையும் மட்டும் அச்சிடட்டும், ஐயா. அதற்கு ஆய்வகம் வேண்டாம். எதிரே உள்ள பெட்டியைத் திருப்பிப் பார்க்க வாங்குபவருக்குத் தெரியும்.