காஸ் (cause) என்றால் ஆஃப் (of), ரீசன் (reason) என்றால் ஃபார் (for): ஏன் இப்படி?

கேள்வி:
வணக்கம். தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுபோனால் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. நேற்று "தி காஸ் ஃபார் தி பிரேக்டவுன்" என்று எழுதினேன். மேலாளர் ஃபாரை அடித்துவிட்டு ஆஃப் போட்டார். இரண்டு வரி தள்ளி "தி ரீசன் ஆஃப் தி டிலே" என்று இருந்தது. அங்கே ஆஃபை அடித்து ஃபார் போட்டிருக்கிறார். தமிழில் இரண்டும் 'காரணம்'தானே? "இன்க்ரீஸ் ஆஃப் டெம்பரேச்சர்" என்பதிலும் இன் என்று மாற்றிவிட்டார். இதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது?

பதில், ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, மூன்று திருத்தமும் சரி. 'பழுதுக்குக் காரணம்', 'தாமதத்துக்குக் காரணம்' என்று நமக்கு இரண்டிலும் 'கு' உருபுதான். அது மனதில் ஓடும்போது கை ஃபார் எழுதிவிடும். ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்தான் அதை முடிவு செய்கிறது. பழுதை உண்டாக்கியது எதுவோ அது காஸ், அதற்கு ஆஃப். ஏன் தாமதம் என்று கேட்டால் சொல்லும் விளக்கம் ரீசன், அதற்கு ஃபார். "காஸ் ஃபார் கன்சர்ன்" என்றும் பார்த்திருப்பீர்கள். அங்கே காஸ் என்றால் கவலைப்பட முகாந்திரம். அதனால் ஃபார் வருகிறது.

இன்க்ரீஸ் விஷயம் சுலபம். எது கூடியதோ அதற்கு முன் இன், எவ்வளவு கூடியதோ அதற்கு முன் ஆஃப். "அன் இன்க்ரீஸ் இன் டெம்பரேச்சர்", "அன் இன்க்ரீஸ் ஆஃப் 5 டிகிரீஸ்". ரைஸ், ஃபால், டிராப் எல்லாம் இதே வழிதான்.

பதில், இன்னொருவர்:
வினைச்சொல்லையும் சேர்த்துக் கவனியுங்கள், நான் அதிகம் தடுக்கி விழுந்தது அங்கேதான். "வீ டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்" என்பதில் நடுவில் எதுவும் வராது. அதுவே பெயர்ச்சொல்லானால் "டிஸ்கஷன் அபவுட் தி ப்ராப்ளம்". அஃபெக்ட் (affect) வினைச்சொல், அதுவும் தனியாக நிற்கும்; எஃபெக்ட் (effect) பெயர்ச்சொல், அதற்கு ஆன் (on) வேண்டும்.

கேட்டவர்:
அப்புறம் சொல்யூஷன்? ஆஃப் போடலாமா?

ஆசிரியை:
பிரச்சினைக்குத் தீர்வு என்றால் "சொல்யூஷன் டு தி ப்ராப்ளம்". ஃபாரும் புழக்கத்தில் உண்டு, ஆனாலும் அறிக்கையில் டு போடுங்கள். "சொல்யூஷன் ஆஃப் சால்ட்" என்றால் உப்புக் கரைசல்! சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியில் அந்தப் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். எது சேரும் என்று எடுத்துக்காட்டோடு இருக்கும்.

கேட்டவர்:
"தி காஸ் ஆஃப் தி பிரேக்டவுன் வாஸ் எ ரைஸ் இன் ஆயில் டெம்பரேச்சர்." இப்போது சரியா அம்மா?

ஆசிரியை:
சரி தம்பி, அனுப்பிவிடுங்கள்.