சிவிக் பின்பக்கம் அட்ஜஸ்டபிள் கேம்பர் ஆர்ம் போட்டவங்க இருக்கீங்களா?

வணக்கம். 2008 ஹோண்டா சிவிக், வீட்டு வண்டி, கோயம்புத்தூர். வண்டி உயரத்தைக் குறைக்கற லோயரிங் ஸ்பிரிங் போட்டிருக்கு. அதனால பின் சக்கரம் ரெண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ஞ்சு (இந்தச் சாய்வுதான் கேம்பர்), டயரோட உள் ஓரம் மட்டும் தேயுது. வெளியே நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது, கையை உள்ளே விட்டுத் தடவினாத்தான் வழவழன்னு தட்டுப்படும்.

சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தற கம்பெனி ஆர்ம்ல நீளத்தை மாத்திச் சாய்வைச் சரி பண்ண முடியாது. அதனால அட்ஜஸ்ட் பண்ற மாதிரி அப்பர் ஆர்ம் (மேல் ஆர்ம்) வாங்கலாம்னு இருக்கேன். ஆர்ம் முனையில அதிர்வைத் தாங்கற புஷ், பாலியூரிதேன்ல போடலாமா, ரப்பரே போதுமா? பாலி நல்லா உழைக்கும்தான். ஆனா அம்மா பின்சீட்டுல வர்ற வண்டி, கீச்சுகீச்சுன்னு சத்தம் வந்தா பாட்டு எனக்குத்தான்.

ரப்பர்னா, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசா இறுக்கிட்டா புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டி வெயிட் இறங்கின நிலையிலதான் கடைசி டைட். இதைப் பொறுமையா, டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்க உதவற ஸ்பேனர்) வச்சுச் செய்யற மெக்கானிக் கோவைப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா? கேம்பரை மாத்தினா டோவும் (மேலேயிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கற கோணம்) நகரும், அதனால நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்க்கற கடையும் வேணும். முன்னாடி மட்டும் பார்த்து அனுப்பற இடம் வேண்டாம்.

ஏற்கெனவே போட்டவங்க கேம்பர் எத்தனை டிகிரி வச்சீங்கன்னும் சொல்லுங்க.