இரவில் மட்டும் கிளவுடில் பதிவு விடுபடுகிறது: சேமிப்பிடத்தை இரட்டிப்பாக்கியும் தீரவில்லை

கேள்வி: கிடங்கு மேலாளர்

வணக்கம். நான் ஒரு சரக்குக் கிடங்கை நிர்வகித்து வருகிறேன். கிடங்கிலும் அதை ஒட்டிய அலுவலகத்திலுமாகப் வலையமைப்பு வழியாகப் படத்தை அனுப்பும் ஐபி கேமராக்கள் பன்னிரண்டு உள்ளன. உள்ளே எட்டு, வெளியே நான்கு. எல்லாம் 2 டிபி வட்டு கொண்ட ஒரு ரெக்கார்டரில் பதிவாகி, அங்கிருந்து கிளவுடுக்கும், அதாவது இணையவழிச் சேமிப்பிடத்துக்கும், செல்கின்றன. கிளவுடில் 30 நாள் பதிவுகளை வைத்திருக்கும் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம்.

பன்னிரண்டு நாள்களுக்கு முன்பு, இரவில் இறக்கிய சரக்கில் நான்கு பெட்டிகள் கணக்கில் குறைந்தன. அன்று பணியில் இருந்த இளைஞர் மீது சந்தேகம் விழுந்திருக்கிறது. அவர் எடுத்திருக்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன், ஆனால் என் நம்பிக்கையை மட்டும் வைத்து அவரைக் காப்பாற்ற முடியாது. கிளவுடில் தேடியபோது அன்றிரவு பத்தரை மணி முதல் இரண்டு மணி வரை பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. ரெக்கார்டரில் பார்க்கலாம் என்று போனால், ஒரு வாரத்துக்குச் சற்று முந்தைய பதிவுகள் எல்லாம் ஏற்கெனவே அழிந்து, அவற்றின் மேல் புதியவை ஏறிவிட்டன.

பின்னோக்கித் தேடிப் பார்த்ததில், வேலை நாள் இரவுகளில் எல்லாம் அதே நேரத்தில் துண்டு துண்டாகப் பதிவு விடுபட்டிருக்கிறது. சேமிப்பிடம் போதவில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னதால் திட்டத்தை இரட்டிப்பாக்கினேன். மூன்று இரவுகள் கழிந்தும் மாற்றமில்லை. கேமராக்களைப் பொருத்தித் தந்தவர், ரவுட்டரில் போர்ட்டை, அதாவது இணைப்புகள் வந்துபோகும் எண்ணிட்ட வாசலை, திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். ஆனால் அலுவலகத்தில் இருந்தபடி கைப்பேசியில் நேரலையைப் பார்த்தால் எப்போதும் தெளிவாகவே வருகிறது. எங்கள் இணைப்பின் பதிவிறக்க வேகம் நொடிக்கு 200 மெகாபிட், பதிவேற்ற வேகம் 30 மெகாபிட். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மறுமொழி 1: வலையமைப்புப் பொறியாளர்

முதலில் ஒன்றைச் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள். சரக்கு இறங்கும் இடத்தைப் பார்க்கும் கேமராவின் மூடியைத் திறந்து, உள்ளே மெமரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். பொருத்தும்போது கார்டைப் போட்டுவிட்டு அதைப் பற்றிச் சொல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. இருந்தால் கேமராவின் மின் இணைப்பை நிறுத்திவிட்டுக் கார்டை எடுத்து, எதையும் எழுதாமல் வேறொரு கணினியில் முழுமையாக நகலெடுங்கள். கார்டும் நிறைந்தால் பழையதை அழித்துக்கொண்டே போகும் என்பதால், ஒவ்வொரு மணி நேரமும் உங்களுக்கு இழப்புதான்.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். சேமிப்பிடம் போதாவிட்டால் மிகப் பழைய பதிவுகள் முதலில் போகும், அல்லது புதிய பதிவு ஏறுவது அடியோடு நின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் விடுபட்டு, பிறகு தானாகவே மீண்டும் தொடர்வது இடப் பற்றாக்குறையின் அறிகுறி அல்ல. உங்கள் பதிவு கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அழியவில்லை, போய்ச் சேரவே இல்லை. எனவே கூடுதல் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நேரலை தெளிவாக வருவதையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். அலுவலக வைஃபையில் இருக்கும் கைப்பேசி பெரும்பாலும் உள் வலையமைப்பு வழியாகவே ரெக்கார்டரை அடைகிறது, அதுவும் தரம் குறைந்த துணை ஓட்டத்தைத்தான் காட்டுகிறது. வெளியே செல்லும் பாதையின் நெரிசல் அதில் தெரியாது.

அந்தப் பாதையில்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு கேமரா நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் இடைவிடாமல் அனுப்பினால், ஒரு நாளில் 10.8 ஜிபி ஆகும். உங்கள் உள் கேமராக்கள் தலா 1.5 மெகாபிட், வெளிக் கேமராக்கள் பகலில் தலா 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20 மெகாபிட். 30 மெகாபிட் இணைப்புக்கு இது சுமை இல்லை. ஆனால் இருட்டியதும் நிலைமை மாறுகிறது. ஒளி குறையும்போது கேமரா தன் சென்சாரின் உணர்திறனை உயர்த்துகிறது, அதனால் படம் முழுவதும் மணல் தூவியது போல் புள்ளிகள் துடிக்கின்றன. காணொளியின் ஒரு ஃபிரேமுக்கும், அதாவது தனிப் படத்துக்கும், அடுத்த ஃபிரேமுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பிச் சுருக்குவதே எச்.264 போன்ற காணொளிச் சுருக்க முறைகளின் அடிப்படை. வெறும் சுவர்கூட ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறாகத் தெரியும்போது சுருக்குவதற்கு என்ன இருக்கிறது? வெளிக் கேமராக்களின் பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு, 4 மெகாபிட்டுக்கு ஏறினால் மொத்தம் 28 ஆகிவிடும். இணைப்பு விளிம்பில் நிற்கும், ஆனால் விழாது.

அதை விழவைப்பது வேறொன்று. வேலை நாள்களில் மட்டும், பத்தரைக்குத் தொடங்கி, இரண்டுக்கு முடிகிறது என்கிறீர்கள். இயற்கையில் எதுவும் இப்படி மணி பார்த்து நடப்பதில்லை. அலுவலகக் கணினிகளின் கோப்புகளை இணையம் வழியாக நகலெடுத்து வைக்கும் பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று கேளுங்கள். அது கிடைக்கும் வேகத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும். ரெக்கார்டர் அனுப்ப முடியாததைச் சிறிது நேரம் வரிசையில் வைத்திருந்து, வரிசை நிறைந்ததும் கைவிடும். வெளிக் கேமரா ஒன்றின் பிட்ரேட்டைப் பகல் இரண்டு மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும் ரெக்கார்டரின் நிலைப் பக்கத்தில் பார்த்து எழுதுங்கள். ரவுட்டரில் எந்தச் சாதனம் எவ்வளவு அனுப்புகிறது என்பதையும் அதே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அளந்து பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

மறுமொழி 2: கேமரா பராமரிப்புப் பணியில் உள்ளவர்

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். போர்ட்டைத் திறக்கும் யோசனையைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிளவுடுக்குப் பதிவேற்றும்போது உங்கள் ரெக்கார்டர்தான் வெளியே உள்ள சர்வரைத் தொடர்புகொள்கிறது, வழக்கமாக 443 என்ற போர்ட் வழியாக. வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசலைத் திறப்பதால் பதிவேற்றத்துக்கு எந்தப் பயனும் இல்லை. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் தேடிப் பிடித்து, தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று உள்ளே நுழைந்தது. ஏற்கெனவே ஏதாவது போர்ட் திறந்திருந்தால் இன்றே மூடிவிட்டு, ரெக்கார்டரின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கடிகாரம். ரெக்கார்டரின் திரையில் ஓடும் நேரத்தை ஒரு கைப்பேசியின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் எளிய வழி, நொடிகள் ஓடும் கைப்பேசித் திரையைக் கேமராவுக்கு முன் பிடித்து, அந்தப் பதிவைக் கிளவுடில் எடுத்துப் பார்ப்பது. படத்துக்குள் தெரியும் நேரமும் காலக்கோட்டு நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோன ரெக்கார்டர் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லத்தக்கதாகவில்லை என்று எண்ணி இணைப்பையே மறுத்துவிடும். சில நிமிடங்கள் மட்டும் பிசகியிருந்தால் பதிவு ஏறும், ஆனால் நீங்கள் தேடும் நேரத்தில் இருக்காது. ஒருவரின் வேலையும் பெயரும் இந்தப் பதிவைச் சார்ந்திருக்கும்போது, நேரம் சரியா என்ற கேள்விக்கு இடம் வைக்கக் கூடாது. இணையத்தில் உள்ள நேர சர்வரைப் பார்த்து, என்டிபி என்னும் முறை வழியாக நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை இயக்கிவிடுங்கள்.

கேள்வியாளரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பன்னிரண்டு மணி வரை கிடங்கிலேயே இருந்து அளந்தேன். பத்து மணிக்கு வெளிக் கேமராக்கள் நான்கும் சேர்ந்து 15 மெகாபிட் அனுப்பிக்கொண்டிருந்தன. பகலில் அதில் பாதிதான் இருந்தது. சரியாகப் பத்து முப்பதுக்குக் கணக்குப் பிரிவின் கணினி ரவுட்டர் பட்டியலில் மேலே ஏறி, 18 மெகாபிட்டை எடுத்துக்கொண்டது. அடுத்த சில நிமிடங்களில் கிளவுடின் காலக்கோட்டில் முதல் வெற்றிடம் விழுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது, சரிசெய்துவிட்டேன். திறந்திருந்த போர்ட் எதுவும் இல்லை.

பேக்கப்பின் வேகத்தை 5 மெகாபிட்டுக்குக் கட்டுப்படுத்தினோம். வெளிக் கேமராக்களின் பிட்ரேட் உச்சவரம்பை இரண்டரையாகவும், ஃபிரேம் எண்ணிக்கையை 25இலிருந்து 15ஆகவும் குறைத்தேன். படத்தில் முகமும் வண்டி எண்ணும் முன்போலவே படிக்கக் கிடைக்கின்றன. அதன் பிறகு பதினொரு கேமராக்களில் வெற்றிடம் இல்லை. பின்வாசல் கேமரா மட்டும் இருட்டிய பிறகு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் போல, காணாமல் போகிறது. அது ரெக்கார்டரிலேயே விடுபடுகிறது.

சரக்கு இறங்கும் இடத்துக் கேமராவில் கார்டு இருந்தது. அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படி அமைத்திருந்ததால் பழைய நாள்கள் தப்பியிருக்கின்றன. நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி 3: வலையமைப்புப் பொறியாளர்

ரெக்கார்டரிலேயே விடுபடுகிறது என்றால் அதற்கும் கிளவுடுக்கும் தொடர்பில்லை. ஒன்றரை நிமிடம் என்பது ஒரு கேமரா அணைந்து மீண்டும் எழுந்துவர ஆகும் நேரம். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி, கேமரா கூடுதல் மின்சாரத்தை இழுக்கிறது. வலைக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ முறையின் முதல் தரத்தில், கேமராக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் என்னும் பெட்டி ஒரு கேபிள் துளைக்கு 15.4 வாட் தந்தாலும் 100 மீட்டர் கடந்து கேமராவை அடைவதற்கு உறுதியளிக்கப்படுவது 12.95 வாட் மட்டுமே. கேபிள் அதற்கும் நீண்டிருந்தாலோ நடுவில் ஒட்டுப் போட்டிருந்தாலோ இன்னும் குறையும். பின்வாசல் வரையிலான கேபிளை அளந்து பாருங்கள். ஒட்டு இருந்தால் அதைப் பிரித்துப் பாருங்கள்.

ரெக்கார்டரின் வட்டையும் மாற்றச் சொல்வேன். உங்கள் கேமராக்கள் நாள் முழுதும் சராசரியாக 24 மெகாபிட் அனுப்பிவந்தன என்று கொண்டால் ஒரு நாளைக்கு 259 ஜிபி. 2 டிபி வட்டு அதில் எட்டு நாள்கூடத் தாங்காது. கிளவுடில் 30 நாள் என்றால் உள்ளேயும் 30 நாள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று தவறும்போதுதான் மற்றதைத் தேடுகிறோம். வரம்பைக் குறைத்த பிறகு சராசரி 20 மெகாபிட்டுக்கு மேல் போகாது என்று வைத்தாலும் 30 நாளுக்கு 6.5 டிபி வரும். 8 டிபி வட்டு போதும். இடைவிடாமல் எழுதுவதற்கென்று செய்யப்பட்ட கண்காணிப்பு வட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வியாளரின் மறுமொழி

பின்வாசல் கேபிள் 118 மீட்டர் இருந்தது. கூரைக்கு அடியில் ஓர் ஒட்டு, அதன் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்ததும் உள்ளே செம்புக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. பாதி வழியில் மின் இணைப்பு உள்ள ஓர் இடத்தில் சிறிய பிஓஇ ஸ்விட்ச் ஒன்றை வைத்துப் புதுக் கேபிள் இழுத்தோம். இரண்டு இரவுகளாகக் கேமரா அணையவில்லை. வட்டு நாளை வருகிறது.

கார்டில் அன்றிரவின் பதிவு கிடைத்தது. வண்டியிலிருந்து இறங்கிய பெட்டிகளை நானும் உரிமையாளரும் மூன்று முறை எண்ணினோம். ஒவ்வொரு முறையும் ரசீதில் இருந்ததைவிட நான்கு குறைவாகவே வந்தது. இளைஞர் எண்ணிக்கையை எழுதுவதும், சந்தேகத்தோடு வண்டிக்குள் எட்டிப் பார்ப்பதும்கூடப் பதிவாகியிருக்கிறது. அனுப்பிய தரப்பிடம் இப்போது விளக்கம் கேட்டிருக்கிறோம். இளைஞர் நாளை முதல் பணிக்கு வருகிறார்.